யார் கேட்டது இந்த டூல்பாரை?

"நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அமுக்கிக்கிட்டே போனா இப்படித்தான் ஆகும்." கம்ப்யூட்டர் பார்க்கத் தெரிந்த யாரைக் கூப்பிட்டாலும் இந்த ஒரு வரியைச் சொல்லாமல் போகமாட்டார். பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறிப்போயிருக்கும். பெயரே கேள்விப்படாத ஒரு தேடல் தளம் வந்து உட்கார்ந்திருக்கும். மூலையில் 'உங்கள் டிரைவர்கள் பழையவை' என்று ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்க்கும். வந்தவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து இதைச் சொல்வார். அவரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வார். எனக்கு இது ரொம்ப நாளாகவே உறுத்துகிறது. வைரஸ் வந்தால் யாரும் இப்படிப் பேசுவதில்லை. அங்கே குற்றவாளி வேறு எங்கேயோ இருக்கிறான். 'பப்' என்று ஆன்டிவைரஸ்காரர்கள் சொல்லும் இந்த வேண்டாத புரோகிராம்களுக்கு மட்டும் பழி முழுக்க மவுஸைப் பிடித்த கையின்மேல் விழுகிறது.

ஒரு காலத்தில், பல புரோகிராம்கள் ஓடத் தேவைப்பட்ட ஜாவா என்ற மென்பொருள் இல்லாத கம்ப்யூட்டரே கிடையாது. ஜாவாவுக்கு அப்டேட் வந்தால் கூடவே ஆஸ்க் டூல்பாரும் வரும், பிரவுசரின் மேலே ஒட்டிக்கொள்ளும் தேடல் பட்டை அது. அதற்கான கட்டத்தில் முதலிலேயே டிக் போட்டிருப்பார்கள். பாதுகாப்புக்காகக் கட்டாயம் செய்யுங்கள் என்று சொல்லப்பட்ட அப்டேட் அது, அதற்குள்தான் இதைச் செருகியிருந்தார்கள். 2013-இல் எட் பாட் என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளர் இதை நோண்டிப் பார்த்து எழுதினார். டிக்கை எடுக்க மறந்தவர் சந்தேகப்பட்டு உடனே கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் அங்கே டூல்பார் இருக்காது. ஜாவா ஏறி முடிந்து பத்து நிமிடம் கழித்துத்தான் அது சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். சந்தேகப்பட்டவர் பார்த்துவிட்டு நிம்மதியாக எழுந்து போகட்டும் என்று பத்து நிமிடம் ஒதுங்கி நிற்கும்படி ஒருவர் உட்கார்ந்து புரோகிராம் எழுதியிருக்கிறார். இதில் அவசரப்பட்டது யார்?

நம்பிப் போய் இறக்குகிற இடங்களும் விதிவிலக்கில்லை. 2011 டிசம்பரில், என்மேப் என்ற நெட்வொர்க் கருவியை எழுதிய கோர்டன் லயான் கொதித்துப்போய் ஒரு கடிதம் எழுதினார். டவுன்லோட்.காம் தளம் அவருடைய இலவசக் கருவியைத் தன் சொந்த இன்ஸ்டாலருக்குள் சுருட்டி, டூல்பாரோடு சேர்த்து விநியோகித்துக்கொண்டிருந்தது. 2015-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற டவுன்லோட் தளம் இதையே கிம்ப் என்ற இலவசப் படத்திருத்தியின் விண்டோஸ் பதிப்புக்குச் செய்தது. கிம்ப் குழுவினர் அந்தத் தளத்தை விட்டு வெளியேறிய பிறகும் அவர்கள் பெயரிலேயே இது நடந்தது. அடுத்த வருடம் தளம் கைமாறி, புது முதலாளிகள் அந்த ஏற்பாட்டை ஒழித்தார்கள். நம்மூரில் சில ரேஷன் கடைகளில் டீத்தூளும் சோப்பும் சேர்த்து வாங்கினால்தான் அரிசி என்பார்களே, அந்த வியாபாரம்தான். ஒரே வித்தியாசம், அங்கே சோப்பு கண்ணுக்குத் தெரியும்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு ரொம்ப எளிது. ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் இவ்வளவு காசு. கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு இன்ஸ்டாலுக்கு 10 சென்ட்டிலிருந்து ஒன்றரை டாலர் வரை கைமாறியது. இப்படிப்பட்ட புரோகிராம்களை இறக்கும் முயற்சிகளுக்கு எதிராக கூகுளின் பாதுகாப்பு அமைப்பு வாரத்துக்கு 6 கோடிக்கும் மேல் எச்சரிக்கைகள் கொடுத்துக்கொண்டிருந்தது. அசல் வைரஸ் வகைகளுக்குக் கொடுத்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்ஸ்டாலரும் ஏதோ ஒரு முட்டாள் பெட்டி அல்ல. அது முதலில் தன் சர்வரைக் கேட்கும்: இந்த ஆள் எந்த நாடு, என்ன ஆன்டிவைரஸ் வைத்திருக்கிறார், இவருக்கு எதைக் காட்டலாம்? பதில் வந்த பிறகுதான் உங்களுக்கான 'சலுகை' திரையில் வரும். உங்கள் எதிரே இருக்கும் 'நெக்ஸ்ட்' பொத்தானுக்குப் பின்னால் ஒரு ஏலம் நடந்து முடிந்திருக்கிறது.

அண்ணாச்சியின் 'நிறுவனம்'

எங்கள் ஊரில், தென்காசிப் பக்கம், பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை. அண்ணாச்சியும் அவர் தங்கை மகனும்தான் மொத்த ஆள். பட்டா, வில்லங்கச் சான்று, ஆதார் பிரின்ட், ஹால் டிக்கெட் என்று காலையிலிருந்து இரவு வரை கூட்டம் நிற்கும். டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போட்டோ 20-இலிருந்து 50 கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து 10-இலிருந்து 20 கேபிக்குள். கொண்டுவருகிறவர்கள் போனில் எடுத்த 4 எம்பி படத்தோடு வருவார்கள். கடைசித் தேதி அன்றைக்கு இருக்கும். மருமகன் கூகுளில் தேடி, முதலில் வந்த ரீசைஸரை இறக்குவான். அடுத்த ஆள் பிடிஎஃபை வேர்டாக மாற்றித் தரச் சொல்வார், அதற்கு ஒரு கன்வர்ட்டர். அதற்கடுத்தவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைலோடு வருவார், அதை மாற்ற ஒன்று. வரிசையில் எட்டுப் பேர் நிற்கும்போது ஒப்பந்தத்தின் பொடியெழுத்தை எவனும் படிக்கமாட்டான். நான் அந்த இடத்தில் இருந்தாலும் படிக்கமாட்டேன். தேடலில் முதலில் வருவது பாதி நேரம் விளம்பரம்தான், அந்தப் பக்கத்தில் பெரிதாகப் பச்சையில் தெரியும் 'டவுன்லோட்' பொத்தானும் இன்னொரு விளம்பரம்தான்.

அந்த மெஷினில் நான் முதலில் பார்த்தது குரோமின் மெனுவை. அடியில் ஒரு சின்ன வரி: 'மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்'. உங்கள் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது என்று பொருள். அண்ணாச்சியிடம் காட்டினேன். "நிறுவனமா? நானும் இவனுந்தான தம்பி" என்றார். பெரிய அலுவலகங்களில் ஊழியர்கள் பிரவுசரை மாற்றிவிடாமல் இருக்க ஐடி துறை பயன்படுத்தும் வசதி அது. விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், குரோமுக்கான 'பாலிசீஸ்' பகுதியில், இந்த எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி புரோகிராம்) கட்டாயம் போடு என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். குரோம் மறுபேச்சில்லாமல் அதைப் போடும், நீக்கும் பொத்தானையும் மறைத்துவிடும். ஐடி துறையே இல்லாத ஜெராக்ஸ் கடையில் வேறு யாரோ அந்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள். (சில ஆன்டிவைரஸ்களும் இதே வழியில் தங்கள் எக்ஸ்டென்ஷனைப் போடும் என்பதால், இந்த வரியைப் பார்த்ததும் பதற வேண்டாம். முகவரிப் பட்டையில் குரோம் பாலிசி பக்கத்தைத் திறந்தால் யார் எதை எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும்.)

எடுப்பதில் ஒரு வரிசை உண்டு

இவற்றை நீக்குவது கடினமில்லை. திரும்ப வராமல் நீக்குவதுதான் கடினம். மருமகன் அந்த எக்ஸ்டென்ஷனைப் பலமுறை நீக்கப் பார்த்திருக்கிறான், காலையில் கடை திறந்தால் அது மறுபடியும் அங்கேயே இருக்கும். காரணம், கண்ணுக்குத் தெரிகிற பொருளைத் தூக்குகிறோம், அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிற கையை விட்டுவிடுகிறோம். அந்தக் கை பெரும்பாலும் டாஸ்க் ஷெட்யூலரில் இருக்கும், எதை எப்போது தானாக ஓட்டுவது என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியல் அது. லாகின் ஆனதும் ஓடு என்ற உத்தரவோடு, 'அப்டேட்' என்று முடியும் சாதுவான பெயரில். அது எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ஒழுங்கான மென்பொருள் பொதுவாக 'புரோகிராம் ஃபைல்ஸ்'-இல் குடியிருக்கும். இந்த வகையறாவுக்குப் பிடித்த இடம் பயனாளரின் 'ஆப்டேட்டா' ஃபோல்டர், ஏனென்றால் அங்கே எழுத அட்மின் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அங்கே வாழ்வதெல்லாம் கெட்டது என்று இல்லை, நல்ல நல்ல செயலிகளும் இருக்கின்றன. ஆனால் தாறுமாறான எழுத்துக்களில் பெயர் வைத்த ஃபோல்டருக்குள் ஒரு ஸ்கிரிப்ட் இருந்தால் நான் யோசிப்பதில்லை.

எதை எடுப்பது என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி ரொம்பப் பழசு. கன்ட்ரோல் பேனலில் புரோகிராம் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி அடுக்குவது. பெயர்கள் பொய் சொல்லும், தேதிகள் அவ்வளவாகச் சொல்லாது. அண்ணாச்சி மெஷினில் பிடிஎஃப் கன்வர்ட்டர் ஏறிய அதே தேதியில் ஒரு 'சர்ச் மேனேஜர்', ஒரு வானிலைச் செயலி, யாரும் கேட்காத ஒரு பிரவுசர், அப்புறம் ஒரு டிரைவர் அப்டேட்டர், எல்லாம் வரிசையாகக் கைகோத்து நின்றன. தென்காசியில் சாரல் வந்தால் ஜன்னலில் தெரியும், அதற்கு எதற்கு ஒரு செயலி? இதில் ஒன்றை அன்இன்ஸ்டால் செய்யப் போனால் பெரிய நீலப் பொத்தானில் 'வைத்துக்கொள்' என்றும், மங்கிய சாம்பல் எழுத்தில் 'தொடர்ந்து நீக்கு' என்றும் கேட்கிறது. உள்ளே வரும்போது பெரிய பொத்தான் 'சரி', வெளியே போகும்போது பெரிய பொத்தான் 'வேண்டாம்'. இரண்டு முறையும் அவசரக்காரன் அவர்கள் பக்கமே விழுவான்.

ஆக, என் வரிசை இதுதான். முதலில் ஷெட்யூலர், அப்புறம் ஸ்டார்ட்டப், அதாவது விண்டோஸ் தொடங்கும்போதே தானாக ஓடுபவை. மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் கருவி இதற்கு அருமையானது. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வரிகளை மறைக்கச் சொல்லிவிட்டால் மிச்சமிருப்பதை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். பிறகு புரோகிராம்களை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்வது, ரெஜிஸ்ட்ரியில் அந்த பாலிசி வரியை அழிப்பது, பிரவுசரை ரீசெட் செய்வது. டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானையும் வலது கிளிக் செய்து பார்க்க வேண்டும். 'டார்கெட்' வரியின் கடைசியில் ஒரு இணைய முகவரியை ஒட்டவைத்திருப்பார்கள், நாம் எத்தனை முறை முகப்பை மாற்றினாலும் அதுதான் திறக்கும். கடைசியாகத்தான் ஸ்கேனர். ஏடிடபிள்யூகிளீனர், இன்று மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கையில் இருப்பது, இந்த வேலைக்கென்றே செய்தது. 'பப் ஆப்ஷனல்' என்று தொடங்கும் பெயர்களும், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் 'பியுஏ' என்று தொடங்கும் பெயர்களும் நாம் தேடும் ஆசாமிகள்.

இவ்வளவும் முடித்த பிறகும் மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்' என்று பெட்டி வந்தது. மருமகன் முகம் வாடிவிட்டது. அது புரோகிராமே இல்லை, ஏதோ ஒரு தளம் அனுப்பும் அறிவிப்பு. 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலவ் அமுக்கவும்' என்று கேட்டிருப்பார்கள், அமுக்கியிருப்பான். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலில் போய் அந்தத் தளங்களைத் தூக்கியதும் நின்றுவிட்டது. இன்னொன்று: அவன் தன் ஜிமெயில் கணக்கால் குரோமில் சிங்க் (ஒரே கணக்கில் இருக்கும் கம்ப்யூட்டர்களின் பிரவுசர்களை ஒன்றுபோல வைக்கும் வசதி) போட்டிருந்ததால் அவன் தானாகச் சேர்த்த சில எக்ஸ்டென்ஷன்கள் வீட்டு லேப்டாப்புக்கும் போயிருந்தன. அதையும் கொண்டுவரச் சொல்லிச் சுத்தம் செய்தோம். செய்யாவிட்டால் அங்கிருந்து இங்கே திரும்பி வந்திருக்கும்.

"துட்டு குடுத்து வாங்குனது"

பட்டியலில் கடைசியாக மிஞ்சியது ஒரு 'பிசி கிளீனர்'. அதன்மேல் கையை வைத்ததும் அண்ணாச்சி எழுந்து வந்துவிட்டார். "அத எடுத்துராத தம்பி. துட்டு குடுத்து வாங்குனது. அது ஒண்ணுதான் தினமும் கிளீன் பண்ணிக்கிட்டு இருக்கு." ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், ஒரு வருட லைசென்ஸ். மற்றதெல்லாம் அவருக்குத் தெரியாமல் வந்தவை. இது தெரிந்து, யோசித்து, மருமகனின் டெபிட் கார்டில் ஓடிபி போட்டு வாங்கியது. தினமும் காலையில் கடை திறந்ததும் அது ஆயிரத்துச் சொச்சம் பிரச்சினைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்து பச்சை டிக் காட்டும். சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு அதைப் பார்ப்பாராம். இதுவரை என் கோபத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது: கேட்காமல் நுழைவதை எல்லாம் வெளியேற்று. கேட்டு வாங்கியதை என்ன செய்வது?

வாதாடுவதைவிடக் காட்டுவது நல்லது என்று தோன்றியது. அதையே ஓடவிட்டேன். ஆயிரத்துக்கு மேல் பிரச்சினை என்றது. 'ரிப்பேர்' கொடுத்தேன், பச்சை டிக் வந்தது. ரீஸ்டார்ட் செய்து, குரோமைத் திறந்து ஒரு செய்தித்தளத்தையும் அரசுத் தளம் ஒன்றையும் பார்த்துவிட்டு மூடினேன். மறுபடி ஓடவிட்டேன். சில நூறு பிரச்சினைகள், சிவப்பு எழுத்தில். 'விவரம்' என்பதை விரித்தால் முக்கால்வாசி குக்கீகள் (தளங்கள் பிரவுசரில் விட்டுப்போகும் சின்னக் குறிப்புகள்), மிச்சம் அண்மையில் திறந்த ஃபைல்களின் பட்டியலும் ரெஜிஸ்ட்ரியில் காலியாகக் கிடக்கும் சில வரிகளும். அவற்றால் கம்ப்யூட்டருக்கு ஒரு கெடுதியும் இல்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதிவைத்திருக்கிறது. அண்ணாச்சி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப இத்தன நாளா அது என்னத்தத்தான் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?" என்றார். எண்ணிக்கொண்டிருந்தது என்றேன்.

அவர் ஏமாந்தது அறியாமையால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடரில் 'பிசி ஹெல்த் செக்' என்று இலவசப் பரிசோதனை செய்துகொடுத்தார்கள். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா, பாப்அப் வருகிறதா என்பதுபோல நான்கு கேள்விகள். எதற்காவது டிக் போட்டால் போதும், ஸ்கேன் முடிவில் வைரஸ் அறிகுறி என்று வந்துவிடும். உள்ளே என்ன இருந்தது என்பதற்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. அதைக் காட்டித்தான் பழுதுபார்க்கும் சேவையை விற்றார்கள். 2019-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி தலையிட, கடையும் மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டின. 2024-இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு சைப்ரஸ் நிறுவனங்கள் இதேபோன்ற குற்றச்சாட்டில் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. கண்ணாடிக் கதவு போட்ட கடையில், சீருடை போட்ட ஊழியர் முன்னால் ஏமாந்தவர்கள் அவர்கள். பயமுறுத்திப் பணம் கேட்கும் கிளீனர்களை டிஃபெண்டர் நீக்கத் தொடங்கியது 2018 மார்ச்சிலிருந்துதான்.

அப்படியானால் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் இவற்றை நேராக 'மோசடி' என்றே போட்டு அழித்துவிட வேண்டியதுதானே என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. வழக்குப் போடுவார்கள், போட்டும் இருக்கிறார்கள். சாங்கோ என்ற விளம்பர மென்பொருள் நிறுவனம் காஸ்பர்ஸ்கி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின்மேல் போட்ட வழக்கில், 2009-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படித் தடுப்பதற்கு காஸ்பர்ஸ்கிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. பிறகு 2016-இல் மால்வேர்பைட்ஸ், எனிக்மா நிறுவனத்தின் ஸ்பைஹன்ட்டரை வேண்டாத புரோகிராம்களின் பட்டியலில் சேர்த்தது. ஸ்பைஹன்ட்டரும் ஒரு பாதுகாப்பு மென்பொருள், அதாவது போட்டியாளர். அந்த வழக்கில் 2019-இல் அதே நீதிமன்றம், போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தில் தடுத்ததாகக் குற்றச்சாட்டு இருந்தால் அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது என்றது. எனக்கு இரண்டு தீர்ப்பும் நியாயமாகத்தான் படுகின்றன. எதை ஓட்டலாம் என்பதை ஒரு ஆன்டிவைரஸ் கம்பெனி தன்னிஷ்டத்துக்கு முடிவுசெய்யும் நிலை எனக்கு வேண்டாம். ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், ஸ்கேனர் தயங்கித் தயங்கி 'இதை நீக்கலாமா?' என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் வரிசையில் எட்டுப் பேரை நிறுத்திவைத்திருக்கும் ஒருவர்.

இனிமேல் வராமலிருக்கச் செய்தது கொஞ்சம்தான். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' உள்ளே வேண்டாத செயலிகளைத் தடுக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. 2020-இல் விண்டோஸ் 10-இல் வந்தது. மெஷினோடு வந்த, காலாவதியாகிப்போன ஆன்டிவைரஸ் டிரையல் ஒன்று டிஃபெண்டரை ஓரங்கட்டி வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு இந்த ஸ்விட்ச்சைப் போட்டோம். போட்டோவின் கேபியைக் குறைக்க விண்டோஸின் போட்டோஸ் செயலியிலேயே ரீசைஸ் இருக்கிறது, தரத்தைக் கூட்டிக் குறைத்தால் ஃபைல் எவ்வளவு வரும் என்று அங்கேயே காட்டும். வேர்டிலேயே சாதாரண பிடிஎஃபைத் திறக்கலாம். இந்த இரண்டும் தெரிந்ததில் மருமகனின் டவுன்லோட் பாதிக்குமேல் தேவையற்றுப் போனது. எழுத்துரு மாற்றிக்கு பிரவுசருக்குள்ளேயே இயங்கும் ஒரு பக்கத்தை புக்மார்க் செய்து கொடுத்தேன்.

கிளீனர் விஷயத்தில் அண்ணாச்சி ஒரு முடிவுக்கு வந்தார். "அக்டோபர் வரைக்கும் கட்டியாச்சு. அதுவரைக்கும் கெடக்கட்டும், அப்பறம் பாத்துக்கிடுவோம்." அவர் மெஷின், அவர் துட்டு. நான் எடுக்கவில்லை. விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஓடுவதை மட்டும் அவரைக் கேட்டு நிறுத்தினேன், லைசென்ஸ் பக்கத்தில் 'ஆட்டோ ரின்யூவல்' டிக்கையும் எடுத்தோம். கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்த மெசேஜ் வந்தால் பார்த்தவுடனே எனக்கு ஃபார்வர்ட் செய்வதாக மருமகன் சொல்லியிருக்கிறான்.